‘வராது’வும் ‘வரவில்லை’யும்: நம்பிக்கையான மனப்போக்கு என்றால் என்ன?

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். கல்லணையில் பிரிந்து தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை என்று வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே வரும் கல்லணைக் கால்வாயின் கடைமடை. எங்கள் பேச்சில் அது புது ஆறு. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையைத் தொட மூன்று நான்கு நாள் ஆகும். எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வந்து சேரும் என்பது ஆண்டுக்கு ஒரு கணக்கு. அதனால் எங்கள் வீட்டில் செய்தித்தாளை விரித்ததும் அப்பாவின் கண் முதலில் போகிற இடம் மேட்டூர் நீர்மட்டம். முழு மட்டமான 120 அடியில் இன்றைக்கு எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் மற்றச் செய்திகள்.

ஜூன், ஜூலை மாதங்களில் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் இரண்டு வாக்கியங்களைக் கேட்கலாம். “இந்த வருடமும் கடைமடைக்குத் தண்ணீர் வராது” என்பார் ஒருவர். “இன்னும் வரவில்லை” என்பார் இன்னொருவர். இருவரும் பார்ப்பது காய்ந்து கிடக்கும் ஒரே வாய்க்காலைத்தான். முதலாமவர் தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார். இரண்டாமவர் வாய்க்காலில் மண்டிய புல்லைச் செதுக்குவார், விதைநெல்லை வெயிலில் காட்டி எடுத்து வைப்பார். தண்ணீர் வருகிற அன்று யாருடைய வயல் தயாராக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம்பிக்கையான மனப்போக்கு என்றதும் எப்போதும் சிரித்த முகம், சுவரில் ஒட்டிய நல்வாக்கு, காலையில் கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும்’ என்று பத்து முறை சொல்வது ஆகியவை நினைவுக்கு வருகின்றன. உளவியல் ஆய்வாளர்கள் அதைத் தேடிய இடம் வேறு. ஒரு கெட்டது நடந்ததும் ‘இது ஏன் நடந்தது’ என்று நமக்கு நாமே ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறோம் அல்லவா? அந்தக் காரணம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதில்தான் நம்பிக்கையும் நம்பிக்கையின்மையும் பிரிகின்றன என்று அவர்கள் கண்டார்கள். ஒவ்வொருவருக்கும் இப்படிக் காரணம் சொல்லிக்கொள்ளும் பழக்கம் ஒன்று உண்டு. அதை விளக்கப் பாணி என்று சொல்லலாம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. நான் பள்ளி ஆசிரியர். உளவியல் எனக்குத் தொழில் இல்லை. ஆனால் வகுப்பறையிலும் வீட்டிலும் இந்த ஒரு கருத்து எனக்கு உதவிய அளவுக்கு வேறெதுவும் உதவியதில்லை.

இது தொடங்கியது ஒரு வேதனையான பரிசோதனையில். 1960-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். இன்றைக்குப் படித்தாலும் மனம் கசக்கிறது. ஒரு பகுதி நாய்கள் தலையால் ஒரு பலகையை முட்டினால் அதிர்ச்சி நின்றுவிடும். இன்னொரு பகுதி நாய்களுக்கு அதே அளவு அதிர்ச்சிதான், ஆனால் அவை என்ன செய்தாலும் அதை நிறுத்த முடியாது. மறுநாள் எல்லா நாய்களையும் ஒரு பெட்டிக்குள் விட்டார்கள். நடுவில் தாழ்வான ஒரு தடுப்பு. அதைத் தாண்டி மறுபக்கம் குதித்தால் அதிர்ச்சி இல்லை. முதல் பகுதி நாய்கள் விரைவிலேயே குதிக்கக் கற்றுக்கொண்டன. இரண்டாம் பகுதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நாய்கள் குதிக்கவே இல்லை. தப்பிக்கும் வழி கண்ணெதிரே இருந்தும் முனகிக்கொண்டு படுத்துக் கிடந்தன. இந்த ஆய்வு 1967-இல் வெளிவந்தது. நாய்கள் கிடந்த அந்த நிலைக்குக் ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்று பெயர் வைத்தார்கள்.

பலரும் இதை இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். என் மனம் போவது மிச்சமிருந்த மூன்றில் ஒரு பங்கின் பக்கம். அவற்றுக்கும் அதே அடிதான் விழுந்தது. அவை ஏன் படுத்துவிடவில்லை? மனிதர்களிலும் அப்படித்தானே? ஒரே வெள்ளம், ஒரே கடன், ஒரே தேர்வுத் தோல்வி. ஒருவர் உடைந்து போகிறார், இன்னொருவர் இரண்டு மாதத்தில் எழுந்துவிடுகிறார். இந்தக் கேள்விக்கு 1978-இல் செலிக்மன், லின் ஆப்ரம்சன், ஜான் டீஸ்டேல் மூவரும் ஒரு விடை வைத்தார்கள். அடி எவ்வளவு பெரியது என்பதோடு, அடி விழுந்த காரணத்தை அந்த மனிதர் தமக்கு எப்படிச் சொல்லிக்கொள்கிறார் என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. அப்படிச் சொல்லிக்கொள்வதில் மூன்று முடிச்சுகள் இருக்கின்றன.

அந்த மூன்று முடிச்சையும் விளக்க வெளிநாட்டு உதாரணம் தேவையே இல்லை. நம் ஊரில் ஒரு வாக்கியம் இருக்கிறது: “நான் தொட்டது எதுவும் துலங்காது.” என் சித்தப்பா இதை வாழ்நாள் முழுக்கச் சொன்னார். நாலே சொல். மூன்று முடிச்சும் அதற்குள் இருக்கின்றன.

முதலில் ‘துலங்காது’. தமிழில் இந்த ‘ஆது’ ஈறு கனமானது. துலங்கவில்லை என்றால் நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிய செய்தி. துலங்காது என்றாலோ நாளையும் அடுத்த ஆண்டும் பேரன் காலமும் உள்ளே வந்துவிடுகின்றன. ஒரு குறுவை பொய்த்ததைச் சொல்ல வந்த வாய், இனி வரப்போகிற எல்லாப் போகங்களுக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறது. ஆய்வாளர்கள் இதை நிரந்தரம் என்கிறார்கள். ‘வராது’, ‘முடியாது’, ‘சரிப்படாது’, ‘உருப்படாது’ என்று நாம் ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறோம் என்று ஒரே ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். நான் எண்ணிப் பார்த்துவிட்டு அன்று இரவு வெகுநேரம் தூங்கவில்லை, ஏனென்றால் அவற்றில் பாதி என் மாணவர்களைப் பார்த்துச் சொன்னவை.

‘ஆது’ எப்போதும் பொய் என்று நான் சொல்லவில்லை. போனவர் திரும்பி வரமாட்டார், அது உண்மை. ஆனால் மேட்டூர் விஷயத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். குறுவைக்கு அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அந்த நாளில் திறக்க முடியவில்லை. 2017-இல் அக்டோபர் 2-ஆம் தேதிதான் திறந்தார்கள். எட்டு ஆண்டு என்பது ஒரு குழந்தை பிறந்து மூன்றாம் வகுப்புக்கு வருகிற காலம். “இனி ஜூன் 12 என்பதெல்லாம் பழைய கதை” என்று எங்கள் ஊரில் பெரியவர்களே சொன்னார்கள். 2020-இல் ஜூன் 12 அன்று அணை திறந்தது. 2022-இல் அதற்கும் முன்பாக, மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். உடனே மறுபக்கம் சாய்ந்து “இனிக் கவலையே இல்லை” என்றவர்களும் உண்டு. 2023-இல் சரியான நாளில்தான் திறந்தார்கள், ஆனால் தண்ணீர் போதாமல் பல இடங்களில் குறுவை கருகியது. 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘வராது’ என்றவரும் தவறினார், ‘எப்போதும் வரும்’ என்றவரும் தவறினார். நிரந்தரத் தீர்ப்பு இரண்டு பக்கமும் பொய்த்த வரலாறு இது. காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்கு இதை நான் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, நினைவூட்டினால் போதும்.

இரண்டாவது முடிச்சு ‘எதுவும்’. பொய்த்தது ஒரு குறுவை. ஆனால் ‘எதுவும்’ என்றதும் மகளின் படிப்பு, மாட்டின் ஈற்று, தம்பியோடு உள்ள உறவு எல்லாம் அந்த ஒரு வயலின் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. ஒரு மடை உடைந்தால் அந்த மடையை அடைக்க வேண்டும். வாய்க்கால் முழுவதும் உடைந்துவிட்டதாக நினைப்பவர் எங்கே மண் போடுவது என்று தெரியாமல் நிற்பார். சித்தப்பாவுக்கு நெல்லில் நட்டம் வந்த அதே ஆண்டில்தான் அவர் வீட்டுப் பசு நல்ல கன்று ஈன்றது. அதை அவர் ஒரு நாளும் ஒரு செய்தியாகச் சொன்னதில்லை. கண் முன்னால் நின்று குடித்த கன்று அவர் கணக்கில் வரவே இல்லை.

மூன்றாவது ‘நான்’. பிறக்கும்போதே என் தலையில் எழுதியது, என் ராசி, என் கை அப்படி. இந்த முடிச்சைப் பற்றி மட்டும் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும். பழியை எல்லாம் வெளியே தள்ளிவிட்டால் நம்பிக்கை வந்துவிடும் என்று சிலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். களை எடுக்காமல் விட்டவர் “மழைதான் கெடுத்தது” என்று சொல்வதில் என்ன நம்பிக்கை இருக்கிறது? ‘நான் செய்தது’ வேறு, ‘நான் இப்படிப்பட்டவன்’ வேறு. “இந்த முறை களை எடுக்க நாள் கடத்திவிட்டேன்” என்பதும் தன்மீது சொல்லும் காரணம்தான், ஆனால் அடுத்த முறை மாற்றக்கூடியது. “என் கைராசி” என்பதை மாற்ற ஒரு வழியும் கிடையாது. மாற்ற முடியாத காரணத்தைப் பிடித்துக்கொண்டவருக்குச் செய்வதற்கு வேலை எதுவும் இருக்காது; படுத்துக் கிடப்பதுதான் மிச்சம்.

நல்லது நடக்கும்போது இந்தப் பாணி தலைகீழாகிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம்பிக்கையற்ற மனம் விளைச்சல் நன்றாக இருந்தால் “ஏதோ இந்தத் தடவை தப்பித்தோம்” என்று சொல்லிக் கடந்துவிடும். “நாற்று இளசாக இருக்கும்போதே நட்டோம், அதனால் தூர் கட்டியது” என்று தன் உழைப்புக்கு உரிய பங்கைக் கொடுக்கக் கற்றுக்கொள்வதும் இதில் பாதி வேலை.

வகுப்பறையில் இதை நான் கண்டுகொண்டது ஒரு ஆறாம் வகுப்புப் பெண்ணிடம். “எனக்குக் கணக்கு வராது சார்” என்றாள். பார்த்தீர்களா, அதே ‘வராது’. எந்தக் கணக்கு வரவில்லை என்று கேட்டேன். எல்லாமே என்றாள். விடைத்தாளை எடுத்து இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். கூட்டல், பெருக்கல் எல்லாம் சரி. கீழ் எண்கள் வேறு வேறாக உள்ள பின்னங்களைக் கூட்டும் இடத்தில் மட்டும் தவறு. “அப்படியானால் உனக்கு எது வரவில்லை?” என்றேன். “இந்தப் பின்னம்” என்றாள். நான் அவளுக்கு ஊக்க வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. எல்லையில்லாமல் பரந்து கிடந்த ஒரு துன்பத்துக்கு வரப்பு போட்டோம், அவ்வளவுதான். வரப்புக்குள் வந்த பிறகு அதில் வேலை செய்ய முடிந்தது. ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960-களில் உருவாக்கிய சிகிச்சை முறையின் அடிப்படையும் ஏறக்குறைய இதுதான். மனத்தில் தானாக ஓடும் வாக்கியத்தைப் பிடித்து நிறுத்தி, அதற்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று விசாரிப்பது. விசாரணை நேர்மையாக இருக்க வேண்டும். பொய்யான ஆறுதலை மனம் உடனே கண்டுபிடித்துவிடும்.

வாக்கியத்தை மாற்றினால் போதுமா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் போதவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறிப் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகள் வழியாகப் போனது. விடிந்து பார்த்தபோது எங்கள் தோப்பில் நின்றிருந்த மரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்பா வரப்பில் நின்று பார்த்தார். “இனி இந்த மண்ணில் ஒன்றும் நிற்காது” என்றார். வீட்டுக்கு வந்து கயிற்றுக் கட்டிலில் படுத்தவர், பல நாள் தோப்புப் பக்கமே போகவில்லை. நான் கற்ற விளக்கப் பாணியை எல்லாம் அவரிடம் சொல்லிப் பார்த்தேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் செய்தது சரி. முப்பது ஆண்டு வளர்த்த மரத்தை இழந்தவரிடம் மறுவாரமே வாக்கியம் திருத்தப் போனது என் தவறு.

அம்மா எதுவும் பேசவில்லை. விழுந்த மரங்களிலிருந்து மட்டைகளை வெட்டி இழுத்து வந்து, இரண்டாக வகிர்ந்து குளத்தில் ஊறப்போட்டு, கீற்று முடையத் தொடங்கினார். ஊரில் பாதி வீட்டுக்குக் கூரை இல்லை, கீற்று தேவைப்பட்டது. ஒரு வாரம் போயிருக்கும். ஒரு மாலையில் அப்பா எழுந்து வந்து, அம்மா எடுத்து வைத்த ஓலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஊறல் பத்தாது. இன்னும் இரண்டு நாள் கிடக்கட்டும்” என்றார். புயலுக்குப் பிறகு, செய்யக்கூடிய ஒன்றைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். மறுநாள் அவரே குளத்துக்குப் போனார்.

பின்னாளில் எனக்கு இதை விளங்க வைத்தது அதே செலிக்மனும் மேயரும் 2016-இல் எழுதிய ஒரு கட்டுரை. சுமார் ஐம்பது ஆண்டு கழித்து அவர்கள் தங்கள் கருத்தைத் தாங்களே திருத்திக்கொண்டார்கள். இடைப்பட்ட காலத்தில் மேயர் மூளை நரம்பியல் படித்து ஆராய்ந்திருந்தார். நீண்ட துன்பம் வந்தால் ஒடுங்கிப் படுத்துவிடுவது உயிர்களின் இயல்பான எதிர்வினை, அதை யாரும் கற்க வேண்டியதில்லை என்று இப்போது எழுதினார்கள். மூளை உண்மையில் கற்றுக்கொள்வது ‘என் செயலால் ஏதோ ஒன்று மாறுகிறது’ என்பதை. மூளையின் முன்பகுதி அதை உணரும்போது அந்த ஒடுக்கத்தைத் தணிக்கிறது. நம்பிக்கை இழந்து படுத்துவிட்டவர் குறையுள்ளவர் அல்லர் என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட முதல் செய்தி. இரண்டாவது செய்தி, எழுவதற்கு முதலில் தேவைப்படுவது சிறிதாயினும் கைக்கு வசப்படும் ஒரு வேலை. எவ்வளவு சிறிதாக இருந்தாலும் சரி. ஓலை எத்தனை நாள் ஊற வேண்டும் என்று சொல்லும் அளவுக்குச் சிறிதாக இருந்தாலும் சரி.

எங்கள் படுகையில் ஒரு பழக்கம் உண்டு. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற கதிரின் காலடியில் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவார்கள். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும் போதும், பயறு முளைத்துவிடும். நெல் கைக்கு வருமா, மழையில் சாயுமா, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்புவார்களா என்று எதுவும் தெரியாத நேரத்தில் அடுத்த விதை மண்ணுக்குள் போய்விடுகிறது. அதைத் தெளிக்கும் கைக்கு அன்று மகிழ்ச்சி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கவலையோடு தெளித்தாலும் பயறு முளைக்கும். நம்பிக்கையான மனப்போக்கு என்பதை உற்சாகம் என்று நினைத்து, ‘எனக்கு அது இல்லையே’ என்று வருந்துகிறவர்கள் இதை ஒரு முறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இனி இந்தக் கருத்தைப் பயன்படுத்தக் கூடாத இடங்கள். இவற்றைச் சொல்லாமல் விட்டால் நான் பாதிப் பொய் சொன்னதாகும்.

துக்க வீட்டில் இதைப் பேசாதீர்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் ‘நல்லதையே நினையுங்கள்’ என்பது கொடுமை. துக்கம் கேட்கப் போகிற நம் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டோ, ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டோ வருவார்கள். அதில் இருக்கும் அறிவை நாம் இழந்துவிடக் கூடாது.

நியாயம் கேட்க வேண்டிய இடத்திலும் இது மாற்று ஆகாது. காவிரியில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தண்ணீர் உரிய மாதத்தில் வராவிட்டால் கேட்க வேண்டியது உரிமையை. தூர்வாராத வாய்க்காலின் கரையில் நிற்கும் விவசாயியிடம் ‘மனத்தை மாற்றிக்கொள்’ என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அவர் மனத்தில் கோளாறு இல்லை, வாய்க்காலில்தான் இருக்கிறது.

தவறினால் இழப்பு பெரிது என்கிற இடத்தில் அவநம்பிக்கையே நல்ல ஆலோசகர். இதைச் செலிக்மனே சொல்லியிருக்கிறார். சம்பாவுக்குக் காப்பீடு செய்ய, காப்பீட்டுத் தொகையில் விவசாயி கட்ட வேண்டிய பங்கு 1.5 சதவீதம். “இந்த வருடம் மழை ஒன்றும் செய்யாது” என்று அதைக் கட்டாமல் விடுவதை நான் நம்பிக்கை என்று சொல்லமாட்டேன். ‘ஒன்றும் செய்யாது’ என்பதும் ஒரு ‘ஆது’தான். கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போது இறங்கிக் கடக்கலாமா என்ற கேள்விக்கும் இதே பதில்.

கடைசியாக, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், உயிரோடு இருப்பதே பாரம் என்று தோன்றினால் அது விளக்கப் பாணியோடு தீர்கிற விஷயம் இல்லை. அது நோயாக இருக்கலாம், மருந்தும் சிகிச்சையும் இருக்கின்றன. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 14416 என்ற டெலி மனஸ் எண்ணிலும், தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அப்பா படுத்திருந்த நாட்களில் எனக்கு இந்தத் தெளிவு இருந்திருந்தால், இன்னும் சில நாள் பார்த்துவிட்டு அவரை அழைத்துப் போயிருப்பேன்.

தோப்பில் மறு ஆண்டு வைத்த கன்றுகளில் சில இப்போது பாளை விட்டிருக்கின்றன. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு மரத்தடியில் குரும்பை நிறையக் கொட்டிக் கிடந்ததைப் பார்த்து எனக்குப் பகீர் என்றது. அப்பாவிடம் சொன்னேன். அவர் கைவேலையை நிறுத்தாமல், “முதல் பாளைதானே, பிடிக்கவில்லை” என்றார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்த மரத்துக்கு வட்டப்பாத்தி கட்டப் போனார்.